ஐந்தாம் செவ்வாய்

குத்தாலிங்கம் வீட்டுக் காலண்டரில் இரண்டு பேர் எழுதுவார்கள். கோயில் கொடைக்குப் பாட வெற்றிலை வாங்கி ஒப்புக்கொண்ட நாட்களைக் குத்தாலிங்கம் நீலப் பேனாவால் வட்டம் போடுவான். அவன் பெண்டாட்டி செண்பகவல்லி மாதத்துக்கு ஒரு தடவை கண்மையைத் தொட்டு ஒரு கட்டத்தில் பொட்டு வைப்பாள். வட்டமும் பொட்டும் ஒரே கட்டத்தில் விழுந்துவிடக் கூடாது. வடகரையில் அந்த வீட்டு அடுப்பு பதினாறு வருஷமாக எரிந்தது இந்த ஒரு ஜாக்கிரதையில்தான்.

செண்பகவல்லி வில்லுப்பாட்டுக்காரி. தென்காசிப் பக்கத்தில் பங்குனி, சித்திரை, ஆடி, ஆவணி வந்துவிட்டால் செவ்வாய்க்குச் செவ்வாய் ஏதாவது ஒரு ஊரில் அம்மனுக்குக் கொடைத் திருவிழா நடக்கும். திங்கள் சாயங்காலம் அம்மனை அழைத்து இறக்கும் குடியழைப்பு, செவ்வாய் மதியக் கொடை, அப்புறம் சாமக்கொடை. அத்தனைக்கும் சாமிக்கு நேர் எதிரே உட்கார்ந்து, வில்லில் கோலை வீசிக்கொண்டு அவள் கதை பாடுவாள். புருஷன் குடம் அடிப்பான். அவளுடைய சித்தி பேராச்சி பக்கப்பாட்டு. பிச்சைமணி உடுக்கை. தாளத்துக்கும் கட்டைக்கும் இன்னும் இரண்டு பேர்.

வீட்டுக்குத் தூரமான பொம்பளை கோயில் தெருவிலேயே நடக்கக் கூடாது என்கிற ஊர்கள் இவை. ஊர்க்காரர்கள் ஆறு மாதம் முந்தியே வெற்றிலை பாக்கோடு வந்து நாள் குறித்துவிட்டுப் போவார்கள். வெற்றிலையைக் கை வாங்கும், உடம்பு வாங்குமா? அதற்குத்தான் மாத்திரை. கொடைக்கு நாலு நாள் முன்னால் ஆரம்பித்து தினம் மூன்று வேளை போட்டால் தள்ளிப்போகும். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். சாமிக்குத் தீட்டு ஆகாது, மாத்திரை ஆகும். இந்தச் சட்டத்தை எழுதிய புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் நாலு தாலுகாவிலும் அது செல்லுகிறது.

குத்தாலிங்கம் கெட்டவன் இல்லை. கொடை இல்லாத நாளில் தோப்புகளில் தேங்காய் உரிக்கப் போவான். ஆயிரம் காய் உரித்துவிட்டு உள்ளங்கை கொப்புளத்தோடு வந்தாலும் அடுப்பில் தண்ணீர் வைத்து, மாத்திரையையும் தம்ளரையும் அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் உட்காருவான். அவள் பீடி சுற்றிக்கொண்டிருந்தால் வாய்க்கே கொண்டுபோவான். 'பெண்டாட்டி நாள எண்ணுதவன்' என்று தோப்பில் கேலி பேசுவார்கள். சிரித்துக்கொள்வான்.

வைகாசியில் தென்காசியில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள். கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, ரத்தம் ஏழுதான் இருக்கிறது, இந்த மாத்திரையை இனித் தொடக் கூடாது, சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் நிற்காமல் போகும், உயிருக்கே ஆபத்து என்றாள்.

"ஆவணி முடியட்டும் டாக்டரம்மா. ஒம்பது ஊருக்கு வெத்தல வாங்கியாச்சு" என்றான் குத்தாலிங்கம்.

டாக்டரம்மா செண்பகவல்லியைப் பார்த்தாள். செண்பகவல்லியும் ஆமாம் என்று தலையாட்டினாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். மேடையில் நடுவில் உட்கார்ந்து பாடுகிற இடம் அவளுக்கு லேசில் கிடைத்ததில்லை. பத்து வருஷம் பேராச்சிக்குப் பின்னால் உட்கார்ந்து தாளம் தட்டியவள் அவள். மூன்று மாதம் படுத்துக் கிடந்தால் அந்த இடத்தில் வேறொருத்தி உட்காருவாள் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த வருஷம் ஆடியில் முதல் மூன்று செவ்வாயும் ஒழுங்காக முடிந்தன. மாத்திரையை இடையில் நிறுத்த வழியில்லாமல் தொடர்ந்து போட்டாள். கால் வீங்கியது. மூன்றாவது செவ்வாய்க்கே துணியில் லேசாகப் பட ஆரம்பித்துவிட்டது. நாலாவது செவ்வாய் மஞ்சப்புளிக்குளம். பாவூர்சத்திரத்துக்கு அந்தப் பக்கம், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கொடை கொடுக்கிற பெரிய ஊர். அதோடு ஆடி முடிந்தது, பத்து நாள் மாத்திரையில்லாமல் கிடக்கலாம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை நாலு மணிக்கு வில்லையும் குடத்தையும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மஞ்சப்புளிக்குளம் போய் இறங்கினார்கள். கோயில் முன்னால் பந்தல் இல்லை. வாழைமரம் இல்லை, ரேடியோ செட் இல்லை. கோயில் கேட் பூட்டியிருந்தது. பந்தக்கால் நட வேண்டிய இடத்தில் ஒரு எருமை படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"ஊரு மாறி வந்துட்டமா மாப்ளே?" என்றான் பிச்சைமணி.

கமிட்டித் தலைவர் இசக்கிதுரை எதிர்வீட்டில் சின்ன வெங்காய மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். கோணூசியோடு எழுந்து வந்தார்.

"என்ன குத்தாலிங்கம், படையோட வந்திருக்க?"

"கொடைக்குதான் அண்ணாச்சி. குடியழைப்பு இன்னைக்குத்தான?"

"கொடை அடுத்த செவ்வாலா."

"கடேசிச் செவ்வான்னுதான சொன்னிய?"

"கடேசிச் செவ்வாதான். ஆடி முப்பது. ஆகஸ்ட் பதினஞ்சு. இந்த வருசம் ஆடிக்கு அஞ்சு செவ்வாய்யா. நீ எதப் பாத்து எழுதுன?"

குத்தாலிங்கம் எதையும் பார்த்து எழுதவில்லை. மூன்று செவ்வாய் எழுதியாயிற்று, அடுத்தது கடைசிதானே என்று நாலாவதில் வட்டம் போட்டுவிட்டான். ஊர்க்காரர்கள் வாட்ஸப்பில் நோட்டீஸ் அனுப்பியிருந்தார்கள். அதில் தங்கள் பெயரும் படமும் பெரிதாக இருக்கிறதா என்று பார்த்தானே தவிர தேதியைப் பார்க்கவில்லை. ஆண்பிள்ளைகள் சிரித்தார்கள். இசக்கிதுரையும் சிரித்துக்கொண்டே டீ சொல்லி அனுப்பினார். செண்பகவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டோ பலகையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

பேராச்சி மட்டும் இசக்கிதுரையிடம் போனாள். "அண்ணாச்சி, தப்பா நெனைக்கப்பிடாது. பிள்ளைக்கு மேலுக்குச் சேட்டமில்ல. அடுத்த செவ்வாய்க்கு வேற குழுவப் பாத்துக்கிடுதியளா? நாங்களே நல்ல ஆளாச் சொல்லுதோம்."

இசக்கிதுரை முகம் மாறிவிட்டது. "என்ன ஆச்சி இப்படிச் சொல்லுதிய? நாங்க என்ன ரேட்டு பேசியா உங்கள எடுத்தோம்? மூணு குழு பேர எழுதி அம்மன் காலடியில பூக்கட்டிப் பாத்தோம். செவப்புப் பூ உங்களுக்கு வந்துது. அவ எடுத்ததுக்கப்புறம் நான் மாத்த முடியுமா? நாளைக்கு ஊருல ஒரு மாடு செத்தாலும் எந்தலையிலதான் வந்து விடியும்."

"மாத்தவே வேண்டாம் அண்ணாச்சி" என்றான் குத்தாலிங்கம். "நாங்கதான் வருவோம்."

திரும்பும்போது சாரல் பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்கு அடியில் வில்லை மடியில் வைத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாளயோட நிறுத்தணும்னு இருந்தேன்" என்றாள் அவள்.

"தெரியும்."

"இன்னும் எட்டு நாளு போடணுமே."

"எந்தப்புத்தி அப்படிப் போச்சு செம்பகம். என்னய வேணும்னா செருப்பக் கழட்டி அடி."

"ஒங்கள அடிச்சா நிக்குமா?"

அவன் பாவூர்சத்திரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, மார்க்கெட் சாக்கு மூட்டைகளுக்கு இடையில் நனைந்துகொண்டே ஓடினான். பத்து நிமிஷத்தில் மருந்துக் கடைக் கவரும், அவளுக்குப் பிடிக்கும் என்று நாலு நெய் ரொட்டியும் வாங்கி வந்தான். அவள் ரொட்டியைப் பேராச்சியிடம் கொடுத்தாள். கவரை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அந்த எட்டு நாளும் வடகரையில் வெயில் தலைகாட்டவில்லை. குற்றாலத்தில் நல்ல சீசன். ஐந்தருவிக்குப் போகிற வேன்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு தெரு முனையில் போயின. செண்பகவல்லி ஈரம் படாத மூலையாகப் பார்த்து உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றினாள். இலையை வெட்டுவதற்குள் மூச்சு வாங்கியது. ஐந்நூறு சுற்றுகிற கை இருநூறில் நின்றது. ரத்தம் ஊறும் என்று யாரோ சொல்லி, குத்தாலிங்கம் ஆட்டுச் சுவரொட்டி ஈரல் வாங்கப் புறப்பட்டான். கொடைக்கு விரதம் இருக்கிறவள் கவிச்சி தொடக் கூடாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. முருங்கைக்கீரையும் கருப்பட்டியும் கொண்டுவந்து போட்டான். அவளுக்கு எதைத் தின்றாலும் குமட்டியது.

சனிக்கிழமை பேராச்சி வந்து பார்த்துவிட்டு அவனைத் தனியே கூப்பிட்டாள்.

"மருமவனே, அவ நகத்தப் பாத்தீரா? சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கெடக்கு. நான் நடுவுல உக்காந்து பாடிருதேன். அவ வீட்டுல கெடக்கட்டும்."

"நோட்டீசுல அவ படம்லா அத்தை போட்டிருக்காவ. பூவும் அவ பேருக்குத்தான் விழுந்திருக்கு."

"பூவுக்கு என்னய்யா தெரியும்."

"ஒரு செவ்வா அத்தை. ஒரே ஒரு செவ்வா. முடிச்ச மறுநாள் நானே கூட்டிட்டுப் போயி ஆசுபத்திரியில சேத்திருதேன். ஆவணிக் கொடை எல்லாத்தயும் வேண்டாம்னு சொல்லிருதேன். இது எம்பிள்ள மேல சத்தியம்."

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பேராச்சி அதைச் சொல்லிக்காட்டவில்லை.

திங்கள் சாயங்காலம் குடியழைப்பு நன்றாகவே நடந்தது. மஞ்சப்புளிக்குளத்தில் பந்தல் ஊரையே மூடியிருந்தது. செண்பகவல்லியின் குரல் கொஞ்சம் அமுங்கியிருந்ததே தவிரப் பிசிறவில்லை. 'பிள்ளை என்ன கனிவாப் பாடுது' என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். குழுவைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள்.

மறுநாள் சுதந்திர தினம். காலை எட்டரைக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்க, ஹெட்மாஸ்டர் வந்து, கலைஞர்களும் கொடியேற்றத்துக்கு வந்து நின்றால் மரியாதையாக இருக்கும் என்று கும்பிட்டார். நின்றார்கள். கொடி ஏறி, பூ உதிர்ந்து, பிள்ளைகள் பாடத் தொடங்கியபோது செண்பகவல்லிக்கு அடிவயிற்றில் எதுவோ பிடுங்கிக்கொண்டது. சூடாக இறங்கியது. அசையாமல் நின்றாள். பாட்டு முடிவதற்குள் கணுக்கால்வரை வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கிற கூட்டத்தில் பேராச்சியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

பள்ளிக்கூடக் கக்கூஸ் வாசலில் பேராச்சி காவல் நின்றாள். உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

"சித்தி, கட்டி கட்டியாப் போகுது."

"வந்துட்டா?"

"வந்துட்டு. மாத்திர காலையிலயும் போட்டேன். நின்ன பாடில்ல."

பேராச்சி தன் பழஞ்சேலையைக் கிழித்து உள்ளே நீட்டினாள். அப்புறம் நேரே போய்க் குத்தாலிங்கத்தைக் கூட்டிவந்தாள். லோடு ஆட்டோவுக்குப் பின்னால் மூன்று பேரும் நின்றார்கள். செண்பகவல்லி சக்கரத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"இனி என்ன செய்ய?" என்றாள் பேராச்சி. "சொல்லிருவோம். ஊரு என்ன தலையவா வாங்கிரும்?"

"தலைய வாங்கமாட்டாவ. நேத்துச் சாயந்தரமே அம்மன அழைச்சு இறக்கியாச்சு. இப்பத் தீட்டுன்னு சொன்னா, எப்ப இருந்து தீட்டுன்னு கேப்பாவ. கோயிலக் கழுவி, கொடைய நிப்பாட்டி, மூணு வருசம் காத்திருந்த ஊரு அத்தை. அதுக்கப்புறம் இந்தச் சில்லாவுல எவன் நமக்கு வெத்தல தருவான்?"

"அவ தாங்குவாளா?"

குத்தாலிங்கம் பெண்டாட்டியைப் பார்த்தான். "மத்தியானக் கொடை மட்டும் தாங்கிரு செம்பகம். ரெண்டு மணி நேரம். சாமக்கொடைய அத்தை பாத்துக்கிடட்டும். தொண்ட கட்டிட்டுன்னு சொல்லிருதேன்."

செண்பகவல்லிக்கு வலியைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. அம்மனை ஏமாற்றுகிறோம் என்ற பயம். மாத்திரை போட்டது ஏமாற்று இல்லையா என்றால், அது வேறு, இது வேறு என்றுதான் அவள் மனசு சொன்னது. ரத்தம் போகப் போக அம்மன் முன்னால் உட்கார்ந்து அவள் பிறந்த கதையைப் பாடினால் நாக்கு அழுகிவிடும் என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவள். கோயில் கோபுரம் இருக்கிற திசையைப் பார்த்து, 'நீதான பூவக் குடுத்த, நீயே பொறுத்துக்கோ' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"சந்தனக் கலரு சேல வேண்டாம். அந்தக் கரும்பச்சைய எடுங்க" என்றாள்.

உச்சி வேளை. கோயிலுக்கு எதிரே மேடையில் ஜமுக்காளம் விரித்து வில்லை ஏற்றியிருந்தார்கள். பொங்கல் பானைகளின் புகை பந்தலுக்குள் இறங்கிக் கண்ணைக் கரித்தது. சாமியாடி வேல்சாமி மஞ்சள் வேட்டியோடு அம்மன் நடையில் நின்றார். செண்பகவல்லி பாட ஆரம்பித்தாள். பாட ஆரம்பித்தால் அவளுக்கு மற்றதெல்லாம் பின்னால் போய்விடும். அன்றைக்கும் போயிற்று. அரைமணி நேரம், முக்கால் மணி நேரம் குரல் எழும்பிக்கொண்டே வந்தது. மடித்த காலுக்கு அடியில் ஜமுக்காளம் நனைவது அவளுக்குத் தெரிந்தது. அது வேறு யாருடைய காலோ என்பதுபோல இருந்தது.

அம்மனை வருந்தி அழைக்கிற இடம் வந்தது. இந்த இடத்தில்தான் சாமியாடிக்கு அருள் வரவேண்டும். உடுக்கையும் குடமும் வேகம் பிடித்தன. அவள் கோலை ஓங்கினாள். கை மேலேயே நின்றது. அடுத்த அடி வரவில்லை. கழுத்து பின்னால் மடங்கி, உடம்பு இரண்டு தடவை வெட்டி இழுத்தது. அப்படியே வில்லின் மேல் சாய்ந்தாள். வில்லில் கட்டிய மணிகளெல்லாம் ஒன்றாகக் குலுங்கின.

 பந்தலில் பெண்கள் குலவை போட்டார்கள்.

"அம்மா வந்துட்டா. பாடுத பிள்ளமேலயே வந்துட்டா."

வேல்சாமி நடையிலிருந்து ஓடிவந்து அவள் நெற்றியில் திருநீற்றை அப்பினார். ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை வேப்பிலையோடு தலையில் ஊற்றினார்கள். யாரோ அம்மன் கழுத்து மாலையைக் கழற்றிவந்து அவளுக்குப் போட்டார்கள். மஞ்சள் தண்ணீர் ஜமுக்காளத்தில் ஓடி மேடை விளிம்பில் வழிந்தபோது அது என்ன நிறத்தில் வழிந்தது என்பதை யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் குங்குமம் என்று நினைத்திருக்கலாம். பத்துப் பதினைந்து பேர் செல்போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

குத்தாலிங்கத்துக்குத் தெரியும். பாடுகிறவள்மேல் சாமி வராது, வரவழைப்பதுதான் அவள் வேலை. பதினாறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவளுக்கு அருள் வந்ததில்லை. தெரிந்தும் அவன் கை குடத்தைவிட்டு எழவில்லை. சாமி நிற்கும்போது மேளம் நிற்கக் கூடாது என்பார்கள். நிறுத்தினால், ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். அவன் அடித்துக்கொண்டே இருந்தான். பிச்சைமணி அவன் முகத்தைப் பார்த்தான், அவன் அடிக்கிறவரை அவனும் அடித்தான்.

"நிப்பாட்டும்யா" என்றாள் பேராச்சி.

அவன் தலையை நிமிர்த்தவில்லை.

ஐந்து நிமிஷம் இருக்கும், பத்து நிமிஷம் இருக்கும். பெண்கள் வரிசையாக வந்து செண்பகவல்லியின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். குழந்தை இல்லாத ஒருத்தி மடியை ஏந்தி நின்றாள். வாக்குச் சொல்லுவாள் என்று காத்திருந்தார்கள். பேராச்சி எழுந்து, குடத்தின் வாயில் தன் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். அடி அவள் விரலில் விழுந்தது. அப்புறம்தான் நின்றது.

"பிள்ளைக்கு மயக்கம்யா" என்று கத்தினாள். "மூணு நாளா விரதம். பச்சத் தண்ணி பல்லுல படல. ஒரு வண்டி கொண்டாங்க."

உயிரைக் காப்பாற்ற வந்தவளும் உண்மையைச் சொல்லவில்லை. அந்த இடத்தில் அதற்கு மேல் ஒரு பொம்பளையால் என்ன சொல்லியிருக்க முடியும் என்று எனக்கும் தெரியவில்லை.

இசக்கிதுரையின் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். இசக்கிதுரையின் பெண்டாட்டி உலகம்மாள் பின் சீட்டில் ஏறி அவளை மடியில் கிடத்திக்கொண்டாள். பாவூர்சத்திரம் தாண்டுவதற்குள் உலகம்மாளின் பட்டுச்சேலை தொடையோடு ஒட்டியது. குனிந்து பார்த்தாள். டிரைவரைப் பார்த்தாள். முந்தானையை எடுத்துச் செண்பகவல்லியின் மேல் போர்த்திவிட்டு, "வெரசாப் போ" என்று மட்டும் சொன்னாள்.

தென்காசி ஆஸ்பத்திரியில் ரத்தம் மூன்று இருந்தது. நாலு பாட்டில் ஏற்றினார்கள். நிற்கவில்லை. அன்றைக்கே கர்ப்பப்பையை எடுத்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் உடம்பைத்தான் வாங்கிப் போயிருப்பீர்கள் என்றார்கள். குத்தாலிங்கம் கையெழுத்துப் போட்ட இடமெல்லாம் ஈரமாகியிருந்தது.

ஐந்தாம் நாள் உலகம்மாள் ஒரு தூக்குவாளியில் கஞ்சியோடு வந்தாள். ஆண்பிள்ளைகள் வெளியே நிற்க, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினாள்.

"சீட்ட நாந்தான் கழுவுனேன். எவருக்கும் தெரியாது."

செண்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டாள்.

"பயப்படாத தாயி. அன்னைக்கு முளைப்பாரி எடுத்தவ நாப்பது பேரு. அதுல பாதிப் பேரு மாத்திர போட்டவதான். நானும் போட்டேன்." கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "ஊருல ஒன்னய அம்மன்னு சொல்லுதாவ. படம் போனெல்லாம் ஓடுது. நீ ஒண்ணும் பேசாத. ஒடம்பத் தேத்து."

படம் ஓடியது உண்மைதான். பாடும்போதே அம்மன் இறங்கிய செண்பகவல்லி என்று போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து குத்தாலிங்கத்தின் போன் ஓயவில்லை. ஆவணிக் கொடைக்காரர்கள் ஒருவர்கூட வேறு குழு பார்க்கவில்லை. அவள் தேறி வருகிறவரை கொடையையே தள்ளிவைத்துக்கொள்கிறோம் என்றார்கள். கேரளப் பக்கத்திலிருந்துகூட அழைப்பு வந்தது. அவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டே பேசுவது வார்டுக்குள் நன்றாகக் கேட்கும்.

ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். குத்தாலிங்கம் டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு வந்தான். நாலு நாளாகச் சவரம் செய்யாத முகம். ஆனால் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அவளை மெல்லத் தூக்கித் தலையணை கொடுத்து உட்காரவைத்தான். பன்னைப் பிட்டு டீயில் நனைத்து ஊட்டினான்.

"பங்குனிக்கு ஏழு ஊரு செம்பகம். சித்திரைக்கு அஞ்சு. நீ ஆறு மாசம் நல்லா ரெஸ்ட் எடு. எல்லாருக்கும் அதுக்கப்புறந்தான் தேதி குடுத்திருக்கேன்." பன்னின் துணுக்கு அவள் மோவாயில் ஒட்டியிருந்ததைத் துடைத்தான். "ஒரு வகையில பாத்தா நல்லதுக்குத்தான். இனி மாத்திர மண்ணாங்கட்டி ஒண்ணும் வேண்டாம். நாளு பாக்க வேண்டாம், பயப்பட வேண்டாம். எந்தச் செவ்வா கேட்டாலும் எழுதிக்கிடலாம்."

அவன் அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னான். அவளுக்கும் அது ஆறுதலாக இருக்கும் என்று மனசார நம்பிச் சொன்னான்.

செண்பகவல்லி டீயை விழுங்கினாள்.

"நான் விழுந்தப்ப ஒங்களுக்கு என்ன தோணிச்சு?"

"என்ன?"

"சாமின்னு நெனச்சியளா?"

அவன் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பொய் சொல்லலாம் என்று நினைத்திருப்பான். அவளிடம் அவனுக்குப் பொய் வராது.

"இல்ல" என்றான்.

"என்னன்னு தெரியும்லா?" என்றாள்.

"தெரியும்." குரல் இறங்கிவிட்டது. "நிப்பாட்டுனா எல்லாம் வெளிய வந்துரும்லா செம்பகம். சித்த நேரத்துல நீயே எந்திரிச்சிருவன்னு நெனச்சேன். நெனவு இல்லாமத்தான கெடந்த."

"நெனவு இருந்துது" என்றாள் அவள். "கையக் கால அசைக்க முடியல. வாயத் தொறக்க முடியல. கண்ணு தெரியல. காது மட்டும் கேட்டுது. கொலவ கேட்டுது, சித்தி சத்தங் கேட்டுது. ஒங்க குடத்துச் சத்தத்தத்தான் புடிச்சிக்கிட்டே கெடந்தேன். இந்தா நிப்பாட்டிருவாவ, இந்தா நிப்பாட்டிருவாவன்னு."

குத்தாலிங்கம் அவளைப் பார்க்க முடியாமல் தம்ளரைப் பார்த்தான்.

"ஒரு அடி தப்பல ஒங்களுக்கு" என்றாள்.

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். அது அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள்.

"எடுங்க" என்றாள் செண்பகவல்லி. "எடுத்து, பாடுததுக்கு ஆளு இல்லன்னு சொல்லுங்க."

அவன் எடுத்தான். "வணக்கம் அண்ணாச்சி" என்றான். அந்தப் பக்கத்தில் ஊர்ப்பெயரைச் சொல்லி, அம்மன் பெயரைச் சொல்லி, ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவன் போனைக் காதில் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தையல் வலிக்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.